ஏற முடியாத படி

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலேயே ஃபுட்போர்டு உண்டு. ஏறி இறங்க மட்டுமல்ல, மண் சாலையின் சேறு மேலே தெறிக்காமலும் அது காத்தது. பிறகு கார்களிலிருந்து மறைந்து, பிக்கப் டிரக் போன்ற உயரமான வண்டிகளில் மட்டும் தங்கிவிட்டது. இப்போது அமெரிக்க டிரக் பிரியர்கள் சிலருக்கு அதுவும் உறுத்துகிறது. அதைத் தாங்கும் பிராக்கெட்டை வெட்டி, படியை பாடியோடு ஒட்டினாற்போல் உயர்த்தி வெல்டு வைத்து, பளபளக்கும் குரோம் மீது கறுப்பு பெயின்ட் அடிக்கிறார்கள். வண்டி கச்சிதமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஷூ முனை மட்டுமே பதியும் படி எதற்கு? மழை நாளில் அந்த வழுவழு பெயின்ட் வேறு காலை வாரிவிடும். வெல்டு வைத்த இடத்தில் பிரைமர் அடிக்காமல் விட்டால், மிஷிகன் போன்ற மாநிலங்களில் பனிக்காலச் சாலையில் தூவுகிற உப்பே அதை அரித்துத் தின்றுவிடும். இதற்கு மாற்றாக, கதவைத் திறந்தால் இறங்கி, மூடினால் மடங்கிக்கொள்ளும் மோட்டார் படி ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளுக்குக் கிடைக்கிறது. விலை அதிகம், பனி இறுகினால் மக்கர் பண்ணும். அழகுதான் முக்கியமென்றால் படியைக் கழற்றியே விடுங்கள். வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால் படியில் கை வைக்காதீர்கள்.