விடிஞ்சா இங்கிலீஷ் பரீட்சை!

ராத்திரி மணி 9.

ஜெராக்ஸ் கடையில் ஒரே கூட்டம். ஆதார் கார்டு நகல் எடுக்க வந்த பெரியவர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். முன்னால் முண்டியடிப்பது எல்லாம் பத்தாம் வகுப்புப் பையன்கள். விடிந்தால் ஆங்கிலப் பரீட்சை!

"அண்ணே, இம்பார்ட்டண்ட் கொஸ்டின் இருக்காண்ணே?"

"இருக்குப்பா. இருபது பக்கம். நாப்பது ரூபா."

"இதுலேர்ந்து வருமாண்ணே?"

"வரும் வரும். சாயங்காலத்துலேர்ந்து எத்தனை பேர் வாங்கிட்டுப் போறான் பாரு!"

நாலு பேர் வாங்கினான், அதனால் வரும்! இதுதான் அத்தாட்சி. பையனும் நாற்பது ரூபாயை நீட்டிவிட்டு, சூடு ஆறாத தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறான்.

வியாசர்பாடி ஆனாலும் சரி, சைதாப்பேட்டை ஆனாலும் சரி, மார்ச், ஏப்ரல் பிறந்தால் சென்னையில் இந்தக் காட்சிக்குப் பஞ்சம் இல்லை. கடைக்காரரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. கேட்பதைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். யாரோ ஒரு டியூஷன் வாத்தியார் எழுதிய தாள், கைமாறிக் கைமாறி, நகலுக்கு நகல் எடுத்து, அச்சு மங்கி, பையன் கைக்கு வரும்போது பாதி எழுத்து தெரிவதில்லை. தெரியாத இடத்தில் தானாக ஒரு எழுத்தைப் போட்டு உருப்போடுகிறான். அர்த்தம் புரிந்து படிக்கிறவனாக இருந்தால் அந்தத் தாளே வேண்டியிருக்காது. புரியாதவன்தான் வாங்குகிறான். புரியாததைப் புரியாமலே ஒரு ராத்திரியில் விழுங்கப் பார்க்கிறான்.

இதைவிட மோசம் இன்னொன்று உண்டு.

"கொஸ்டின் பேப்பர் அவுட்!"

முன்பெல்லாம் டீக்கடையில் கிசுகிசுப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. முந்நூறு ரூபாய் அனுப்பு, ஐந்நூறு ரூபாய் அனுப்பு, நாளைக்கு வரப் போகிற கேள்வித்தாள் இன்றைக்கே உன் போனில் என்று ஆசை காட்டுகிறார்கள். இது சுத்த மோசடி. போன வருஷத் தாளில் தேதியை மாற்றிவிட்டால் இந்த வருஷத் தாள் ரெடி! ஏமாந்த பையன் போலீசுக்கும் போக மாட்டான், அப்பாவிடமும் சொல்ல மாட்டான். திருடப்பட்ட தாளை வாங்கப் போனேன் என்று எப்படிப் புகார் கொடுப்பான்? அந்தத் தைரியத்தில்தான் இந்த ஆசாமிகள் பிழைக்கிறார்கள்.

போவது பணம் மட்டும் அல்ல. அந்தத் தாளை நம்பி மற்றதை மூடி வைத்துவிடுகிறானே, அந்த ராத்திரியும் போச்சு!

பத்தாவது பெயில் என்றால்...

ஒரு பரீட்சைக்கு ஏன் இத்தனை கலாட்டா என்று கேட்கலாம். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் பெயில் போட்டு நிறுத்தி வைப்பது இல்லை. கண்டிப்பான முதல் வாசல்படி பத்தாவதுதான். குரூப் 4 எழுத பத்தாவது பாஸ் வேண்டும். ஐ.டி.ஐ.யில் பல தொழிற்பிரிவுகளுக்குப் பத்தாவது பாஸ் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் இதே கதை. பத்தாவது பாஸ் ஆனவனுக்குக் குடியேற்றச் சோதனை முத்திரை கிடையாது, ஆகாதவனுக்கு உண்டு. கொத்து வேலைக்குப் போகிறவனுக்கும் பத்தாவது சர்டிபிகேட் தேவைப்படுகிற காலம் இது.

கணக்கில் தட்டினால் "கணக்கு வரலே" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் தட்டினால் அந்தப் பையன் மனதில் வேறு மாதிரி உட்காருகிறது. இங்கிலீஷ் நமக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறான். ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறது, மறுபடி எழுதலாம். ஆனால் அதற்குள் மெக்கானிக் ஷாப்பில் சேர்ந்துவிட்டவன் கையில் ஸ்பேனர்தான் இருக்கும், பேனா இருக்காது.

ஒரு காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் மாலைப் பேப்பரில்தான் வரும். வெறும் நம்பர்கள். பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டு வந்து இறங்குவதற்குள் பிய்த்து எடுப்பார்கள். நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கிற எத்தனையோ குமாஸ்தாக்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது.

முப்பத்தைந்துக்கு ஒரு கணக்கு

சரி, கடைசி ராத்திரி வந்துவிட்டது. வருஷம் பூரா படிக்கவில்லை. இப்போது "ஏன்டா படிக்கலே" என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. என்ன செய்யலாம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2018-19 வரை ஆங்கிலத்துக்கு இரண்டு தாள். அடுத்த ஆண்டு முதல் ஒரே தாள் ஆக்கினார்கள். நூறு மார்க், மூன்று மணி நேரம். பாஸ் மார்க் 35. அந்த ஒரே தாளைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். "வருமா வராதா" என்று யாரிடமும் கேட்க வேண்டாத மார்க் அதில் கொட்டிக் கிடக்கிறது!

கடிதம் எழுதுவது, அறிவிப்பு எழுதுவது, விளம்பரம் தயாரிப்பது, படத்தைப் பார்த்து எழுதுவது. ஒவ்வொன்றும் 5 மார்க். ஆக 20. மனப்பாடச் செய்யுள் 5. ஒரு பத்தியைக் கொடுத்து அதிலேயே கேள்வி கேட்பது 8. வழி காட்டும் படம் 2. கூட்டிப் பாருங்கள். 35!

எல்லாவற்றிலும் முழு மார்க் விழாது, வாஸ்தவம். அதற்குத்தான் முன்னால் ஒரு மார்க் கேள்விகள் 14 இருக்கின்றன. எதிர்ப்பதம், பன்மை, சுருக்கத்தின் விரிவு என்று போகும். பாதி அடித்தாலும் 7. மேலே சொன்னதில் குறைகிற ஏழு இதில் வந்துவிடும்.

இவ்வளவுக்கும் ஜெராக்ஸ் கடை இருபது பக்கத்தில் இருப்பது என்ன? பாடத்தின் பெரிய பெரிய கட்டுரைகள்! எந்தக் கேள்வி வரும், எது வராது என்று யாருக்கும் தெரியாத பகுதி அது. வந்தாலும், உருப்போட்டதில் இரண்டாவது வரி மறந்தால் மூன்றாவது வரி வராது. கடைசி ராத்திரியில் கை வைக்கக் கூடாத இடத்தில்தான் கை வைக்கிறார்கள்.

வழி காட்டும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருப் படம் போட்டு, நிற்கிற இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் குறித்திருப்பார்கள். வழி சொல்ல வேண்டும். பட்டணத்துப் பையனுக்கு இது புதுசா? வெளியூர்க்காரர் வந்து "தம்பி, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது" என்று கேட்டால், "நேராப் போய் லெஃப்ட்ல திரும்புங்க சார், ரைட் சைடுல வரும்" என்று பாதி இங்கிலீஷில்தானே சொல்கிறான்! கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட், ஆன் யுவர் ரைட். இந்த மூன்றையும் ஸ்பெல்லிங் தப்பாமல் பத்துத் தரம் எழுதிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

பத்தியைப் படித்து விடை எழுதும் கேள்வி அதைவிட லேசு. விடை கண் முன்னாலேயே இருக்கிறது. கேள்வியில் ஒரு பெயரோ ஊரோ இருக்கும். அதே சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று விரலை வைத்துத் தேட வேண்டும். அந்த வரியிலோ பக்கத்து வரியிலோ விடை மாட்டும். எட்டு மார்க்கை இப்படி வைத்திருக்க, அதைக் கடைசிக்குத் தள்ளி, மணி அடிக்கும்போது வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கொடுமை!

கடிதத்துக்கு உருவம் முக்கியம். அனுப்புநர், பெறுநர், நாள், பொருள், கீழே கையெழுத்து, உறை மேல் முகவரி. நடுவில் எழுதுவது நாலு வரி. அறிவிப்புக்கு ஒரு கட்டம் கட்டி, தலைப்பு, தேதி, விஷயம், கையெழுத்து. இதை ஒரு தரம் கையால் எழுதிப் பார்ப்பதும் பத்துத் தரம் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல. பரீட்சையில் வேலை செய்வது கைதான்.

பாடமே படிக்காமல் பாஸ் பண்ண இது குறுக்கு வழி ஆயிற்றே என்று தமிழாசிரியர், ஆங்கில ஆசிரியர் எல்லோரும் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். பத்து வருஷம் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இங்கிலீஷில் ஒரு லெட்டர் எழுதத் தெரியவில்லை என்றால் அந்த வெட்கம் பிள்ளைக்கு மட்டும் சொந்தமா?

2019ல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்திலேயே இப்படி ஒரு பையன் வருகிறான். அல்போன்ஸ் தோதே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதிய 'கடைசிப் பாடம்' என்ற கதை. நாளைக்குப் படிக்கலாம், நாளைக்குப் படிக்கலாம் என்று தள்ளிப் போட்ட பையன், வாத்தியார் இலக்கணம் கேட்பாரே என்று பயந்துகொண்டே வகுப்புக்குப் போவான். போனால், தாய்மொழியில் அதுதான் கடைசி வகுப்பு! பின் பெஞ்சில் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஜெராக்ஸ் தாளில் அந்தக் கதைக்குக் கேள்வி இருக்கிறது, பதில் இருக்கிறது. கதை மட்டும் இல்லை.

வீட்டில் நடப்பது

ஒற்றை அறை வீடு. டி.வி. ஓடுகிறது. தங்கச்சி அழுகிறது. அப்பா ராத்திரி பத்து மணிக்கு வந்து, "என்னடா படிச்சே? பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு!" என்று ஆரம்பிக்கிறார். அம்மா காப்பியைக் கொடுத்து, "முழிச்சிரு ராஜா" என்கிறாள். இரண்டும் வேண்டாம். விடிய விடிய முழித்தவன் காலையில் பத்தியில் விடையைத் தேடுவதற்குப் பதில் கொட்டாவி விடுவான். பதினொரு மணிக்கு விளக்கை அணைப்பதுதான் நல்லது.

ஆனால் அணைத்தால் தூங்க முடிகிறதா? தெருக்கோடியில் ஸ்பீக்கர்! கல்யாண ஊர்வலமோ, கோவில் கச்சேரியோ, கட்சிக் கூட்டமோ. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு முதல் சட்டவிதி இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது! போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், "சொல்றோம் சார்" என்கிறார்கள். பரீட்சை நடக்கிற அந்த மூன்று வாரம் மட்டுமாவது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ராத்திரி ரவுண்டு போகிற போலீஸ்காரர் இதைக் கவனித்தால் கோடிப் புண்ணியம். விழாக் கமிட்டிக்காரர்கள் வீட்டிலும் பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கும்தானே!

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. 2025ல் தமிழ்த் தேர்வு மார்ச் 28. ஆங்கிலம் ஏப்ரல் 2. நடுவில் முழுசாக நாலு நாள். அதில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தேறாது என்று ஆசிரியருக்கே தெரிந்த பத்துப் பையன்களைக் கூப்பிட்டு, மேலே சொன்ன முப்பத்தைந்து மார்க்கை மட்டும் கையால் எழுத வைத்தால் ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டம் போகாது. இப்படிச் செய்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சொந்தக் காசில் டீ, பன் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாப் பள்ளியிலும் இல்லை என்பதுதான் சங்கடம்.

ஒன்று மட்டும் பையனிடம் இப்போதே சொல்லி வைக்கலாம். தெரியாத கேள்வியைச் சும்மா விடாதே! 2023-ம் ஆண்டு பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் சில கேள்விகள் குளறுபடியாகிக் கருணை மதிப்பெண் கொடுக்க வேண்டி வந்தது. கேள்வி போட்டவர்களே தப்புப் பண்ணும்போது, பதில் எழுதுகிறவன் ஏன் பயப்பட வேண்டும்?

காலை 10 மணிக்குக் கேள்வித்தாள் கையில் வரும். முதல் பத்து நிமிஷம் படிக்க மட்டும். அப்புறம் ஐந்து நிமிஷம் விவரம் சரிபார்க்க. பேனாவைத் தொடுவது 10.15-க்கு. அந்தப் பத்து நிமிஷத்தில் வழி காட்டும் படத்தையும் பத்தியையும் பார்த்துவிட்டால் நெஞ்சுப் படபடப்பு பாதி அடங்கிவிடும்.

எட்டரைக்கே பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட வேண்டும். புட்போர்டில் தொங்கிக்கொண்டு அந்த ஜெராக்ஸ் தாளைப் புரட்டுகிறவனைக் கண்டக்டர் நாலு வார்த்தை திட்டி உள்ளே இழுத்துப் போடட்டும். இன்றைக்கு ராத்திரி, பையில் ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும் இருக்கிறதா என்று அம்மா ஒரு தரம் பார்த்துவிட்டு லைட்டை அணைக்கலாம்.