செல்லப் பாம்பு: காகிதம்தான் முதல் மருந்து!

ஆழ்வார்திருநகரிக்குப் பாம்பு புதிதல்ல. ஆதிநாதர் கோயிலில் நம்மாழ்வார் தங்கியிருந்த உறங்காப்புளி மரத்தை ஆதிசேஷனின் அம்சமாகவே பக்தர்கள் கும்பிடுகிறார்கள். கோயிலைத் தாண்டினால் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும். வரப்பில் சாரை ஓடும். வாய்க்காலில் தண்ணீர்ப் பாம்பு நெளியும். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்த கணக்கு.

வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் பாம்பு என்பதுதான் புதிது. செல்போனில் ஒரு வீடியோ. கல்லூரி மாணவர் ஒருவர் கழுத்தில் மலைப்பாம்பை மாலை போலப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அதைப் பார்த்த பிள்ளைக்கு ஆசை வந்துவிடுகிறது. சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கித் தருவதாகச் சொல்கிறான். அம்மா வேண்டாம் என்கிறார். ஆச்சி, ‘வெள்ளிக்கிழமை பால் வைத்தால் போதும்’ என்கிறார்.

இந்த வீட்டில் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

எந்தப் பாம்பு, யாருடைய பாம்பு?

வயலில் பிடித்த சாரையோ, ஆற்றங்கரையில் கிடைத்த மலைப்பாம்புக் குட்டியோ செல்லப்பிராணி ஆகாது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்க்க அனுமதிப்பதில்லை. மலைப்பாம்பு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை உயிரினங்கள் சம்பந்தப்பட்ட குற்றங்களுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ‘பாவம், குட்டி’ என்று எடுத்து வந்து வளர்த்தாலும் சட்டத்தின் பார்வையில் அது குற்றம்தான். வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்வதுதான் முறை.

வளர்க்க முடிந்தவை வெளிநாட்டு வகைகள் மட்டுமே. அவற்றில் அதிகம் பேசப்படுவது ‘பால் பைத்தான்’. இந்தப் ‘பால்’ பசும்பால் அல்ல, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு இது. விஷம் கிடையாது. நன்றாக வளர்த்தால் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். பத்தாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் அது வீட்டில் இருக்கும்.

இந்த வகைக்கும் காகிதம் தேவை. அழிவாபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டீஸ்’ என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் பால் பைத்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரினம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், குட்டி பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

டிராலி பையில் 47

2023 ஜூலை 30 அன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் டிராலி பையைச் சுங்கத்துறை அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே துளை போட்ட சின்னச் சின்ன டப்பாக்களில் 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை விமான நிலையத்திலும் கோலாலம்பூரிலிருந்து வந்த பெட்டியில் 22 பாம்புகள் பிடிபட்டன.

‘பேப்பர் எல்லாம் வேண்டாம், விலை குறைச்சல்’ என்று ஒருவர் விற்றால், அந்தப் பாம்பும் இப்படித்தான் வந்திருக்கக்கூடும். தண்ணீரும் இரையும் இல்லாமல், நெரிசலில், சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு வந்த பாம்பு வாங்கும்போதே பாதி நோயாளி.

அது படுத்தால் என்ன செய்வது? பதிவு இல்லாத பாம்பை டாக்டரிடம் கொண்டுபோகப் பயம். அதனால் மஞ்சள், வேப்பெண்ணெய், கோழி மருந்து என்று கைவைத்தியம் தொடங்கும். பாம்பு செத்தும் போகும். செல்லப் பாம்புக்குக் காகிதம்தான் முதல் மருந்து என்பது இதனால்தான். விற்பவரிடம் ரசீதும், பதிவு விவரமும், கைமாற்று ஆவணமும் கேட்க வேண்டும். தயங்குகிறார் என்றால் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

முதல் ஒரு வாரம்

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. அரசு அனுமதியோடு பிடித்துவரும் விஷப் பாம்புகளை அவர்கள் மண்பானைகளில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க விஷம் எடுக்கிறார்கள். சில வாரங்களில் அவற்றைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்போடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் அதற்குக் கொடுக்கும் இடம் இருட்டாகவும் அமைதியாகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

புதிதாக வந்த செல்லப் பாம்புக்கும் அதுதான் தேவை. முதல் ஒரு வாரம் கையில் எடுக்கக் கூடாது. இரையும் வைக்க வேண்டாம். சுத்தமான தண்ணீர் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, ரீல்ஸ் எடுப்பது எல்லாம் பிறகு. வீட்டில் ஏற்கெனவே வேறு பாம்பு இருந்தால், புதியதை இரண்டு மூன்று மாதங்கள் தனி அறையில் வைக்க வேண்டும்.

தொட்டியில் அடியில் வெள்ளைத் தாள் விரிப்பது முதல் சில வாரங்களுக்கு நல்லது. கழிவு, ரத்தம், உண்ணி எது இருந்தாலும் உடனே தெரியும். இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். உடல் முழுவதும் இடிபட நுழையும் அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் பாம்புக்குத் தைரியம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும்.

சூடு என்னும் சூட்சுமம்

பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். செரிப்பதும், நோயை எதிர்ப்பதும் அந்தச் சூட்டை நம்பித்தான் நடக்கின்றன. பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் 55 முதல் 70 சதவிகிதம்.

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதெல்லாம் குளிர்நாட்டு வீட்டுக்கான யோசனை. அவர்களுக்குச் சூடேற்றுவதுதான் கவலை. நெல்லைச் சீமையில் சித்திரை வெயிலில் கவலையே வேறு. மாடி அறையிலோ ஜன்னலோரத்திலோ வைத்த கண்ணாடித் தொட்டி, வெயில் நேராகப் பட்டால் சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். குளிர்ந்த பக்கமும் 35 டிகிரியைத் தாண்டினால் பாம்பின் உயிருக்கே ஆபத்து. அதனால் தொட்டிக்கு உகந்த இடம், கீழ்த்தளத்தில் வெயில் படாத உள்ளறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் தேங்காமலும், மார்கழி இரவில் குளிர் ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூடேற்றும் ‘ஹீட் மேட்’ வைத்தால் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாமல் வைத்தால் பாம்பின் வயிறு வெந்துவிடும். இரண்டு பக்கத்திலும் தெர்மாமீட்டர் வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டைச் சொல்ல முடியாது. கொசுவத்திச் சுருள், பூச்சி ஸ்பிரே, ஃபினாயில் நெடி எதுவும் அந்த அறையில் கூடாது.

இரை

பாம்பு பால் குடிக்காது என்று ஆச்சிக்குப் பக்குவமாகச் சொல்லத்தான் வேண்டும். தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்த நீர்மம் வைத்தாலும் குடிக்கும். பாலைச் செரிக்கும் வயிறு அதற்குக் கிடையாது.

பால் பைத்தான் எலிதான் தின்னும். பாம்பின் உடம்பில் பருத்த பகுதியின் அளவுக்கு மேல் எலி இருக்கக் கூடாது. குட்டிக்கு வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை. உயிருள்ள எலியை விட்டால், பசியில்லாத பாம்பை அது கடித்துக் குதறிவிடும். உறையவைத்த எலியை முழுதாக இளகவைத்து, வெதுவெதுப்பான நீரில் சூடாக்கி, இடுக்கியால் கொடுப்பதே முறை. வயல் எலி வேண்டவே வேண்டாம். அது எலி மருந்து தின்றிருந்தால் விஷம் பாம்புக்கும் ஏறும். எலி எங்கே கிடைக்கும், சைவ வீட்டு ஃபிரிட்ஜில் அதற்கு இடம் கிடைக்குமா என்பதையெல்லாம் பாம்பு வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

இரை தின்ற இரண்டு நாள்களுக்குப் பாம்பைத் தூக்கக் கூடாது.

நோய் வந்தால்...

இரை எடுக்காமல் இருப்பது: வளர்ந்த பால் பைத்தான் சில சமயம் மாதக்கணக்கில் தின்னாது. தவறாமல் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும். குட்டி என்றால் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது.

கக்கிவிடுவது: பெரிய இரை, போதாத சூடு, தின்றதும் தூக்கியது ஆகியவை வழக்கமான காரணங்கள். 10 முதல் 14 நாள்கள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு சின்ன இரையாகத் தர வேண்டும். மறுபடி கக்கினால் டாக்டர்.

சட்டை சரியாக உரியாதது: உரிப்பதற்கு முன் கண் பால் போல வெளுக்கும். அப்போது தொந்தரவு செய்யக் கூடாது. சட்டை காலுறை போல ஒரே துண்டாகக் கழல வேண்டும். துண்டு துண்டாகக் கழன்றால் ஈரப்பதம் போதவில்லை. வெதுவெதுப்பான, ஆழமில்லாத நீரில் 20 நிமிடங்கள் கூடவே இருந்து ஊறவிட்டு, ஈரத் துண்டுக்குள் ஊர்ந்து போகவிட்டால் மிச்சமும் கழலும். கண் மேல் ஒட்டிய தோலை நகத்தால் எடுக்கவே கூடாது. பார்வை போய்விடும்.

உண்ணி: கோழிச் செள்ளு மாதிரி கறுப்புப் புள்ளிகள். கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். பாம்பு எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். தொட்டியைக் காலி செய்து வெந்நீரில் கழுவி, தாளைத் தினமும் மாற்ற வேண்டும். முட்டை மறுபடி பொரிக்கும் என்பதால் வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். மருந்து டாக்டர் சொன்னது மட்டும்.

சளி: மூச்சில் ‘கிளிக்’ என்று சத்தம், மூக்கில் குமிழி, வாயைத் திறந்து தலையைத் தூக்கியபடி மூச்சு விடுவது. பாம்பால் மனிதரைப் போல இருமிச் சளியைத் துப்ப முடியாது. அது உள்ளேயே தங்கி நிமோனியா ஆகும். இது கைவைத்தியத்துக்கு உரியதல்ல. தொட்டியின் சூட்டைச் சரிபார்த்துவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வாய்ப்புண், வயிற்றுப் புண்: ஈறு சிவந்து தயிர்க்கட்டி போலச் சீழ் வந்தாலும், வயிற்றுச் செதில் சிவந்து கொப்புளித்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும். வயிற்றுச் செதில் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தொட்டியின் ஈர அழுக்கு அல்லது அதிகச் சூடு.

இந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்தால் ஒன்று புரியும். செல்லப் பாம்பின் நோய்களில் பல தொட்டியிலிருந்துதான் தொடங்குகின்றன. அதைச் சரிசெய்யாமல் ஊசி போட்டால் நோய் திரும்பி வரும்.

டாக்டரிடம் போகும் வழி

ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும். பாம்பு பார்த்துப் பழகிய டாக்டர் எங்கே இருக்கிறார் என்பதைப் பாம்பு வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு புறப்படலாம். பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, துளையிட்ட பெட்டிக்குள் வைத்து, காலை வெயிலுக்கு முன் கிளம்புவது நல்லது. பதிவுச் சான்றும், எடை குறித்த நோட்டும் கையில் இருக்கட்டும்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஆரோக்கியமான பாம்பின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பாம்பு வேண்டாம் என்பதே மருத்துவர்கள் சொல்வது.

ஆசை தீர்ந்துவிட்டது என்று தாமிரபரணிக் கரையில் விட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செல்லமாக வளர்த்து வெளியே போன பர்மியப் பைத்தான்கள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் முயல்களையும் ரக்கூன்களையும் பெருமளவு அழித்துவிட்டன. வைத்துக்கொள்ள முடியாதவர் வனத்துறையிடம்தான் பேச வேண்டும்.

ஆச்சியும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கணக்குப் போடலாம். 20 ஆண்டுகள், மாதம் இரண்டு எலி, கோடையில் குளிர்ந்த அறை, ராமையன்பட்டி வரை பஸ்ஸோ ஆட்டோவோ, ஒரு பதிவுச் சான்று. எல்லாம் கட்டுப்படியானால் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும், வரப்பில் ஓடும் சாரையைத் தள்ளி நின்று பார்ப்பதே போதும். அதற்குச் செலவும் இல்லை, எலித் தொல்லையும் குறையும்.