வங்கி அல்லோம், வாக்காளர்!

சொற்களுக்கும் ஆயுள் உண்டு. பொருளோடு பிறக்கும் ஒரு சொல், மேடைதோறும் ஏறி இறங்கித் தேய்ந்து, இறுதியில் ஓசை மட்டுமே எஞ்சிய செல்லாக்காசாகிவிடுகிறது. 'தேசிய நீரோட்டம்', 'சிறுபான்மைக் காவலர்' என்று அத்தகைய காசுகள் நம் செவிகளில் நாள்தோறும் கொட்டப்படுகின்றன. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். ஆயினும், சலிப்போடு விட்டுவிட இயலாத சொல் ஒன்று உண்டு. அதுவே 'வாக்கு வங்கி'.

இச்சொல்லின் பிறப்பை இன்று எத்தனை பேர் அறிவர்? சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ், மைசூர்ச் சீமையின் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து 1955இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் கையாண்டார். ஊர்ப் பெரியதனக்காரரை அண்டிப் பிழைப்போர் அவர் கைகாட்டிய பக்கம் வாக்களித்தனர். கட்சிக்காரர்களும் வாக்காளரை நாடாமல் அவரையே நாடினர். அந்தச் செல்வாக்கையே அவர் வாக்கு வங்கி என்றார். ஆதிக்கத்தைச் சுட்டப் பிறந்த சொல், இன்று ஆதிக்கமே இல்லாதோரை இகழப் பயன்படுகிறது. என்னே சொல்லின் தலைவிதி!

விவசாயிகள் பயிர்க்கடனை எண்ணி ஒருமுகமாக வாக்களித்தால் அது உரிமைக்குரல். நெசவாளர் நூல் விலையை எண்ணி வாக்களித்தால் அது விழிப்புணர்வு. நாம் நம் பாதுகாப்பையும் பிள்ளைகளின் கல்வியையும் எண்ணி வாக்களித்தால் மட்டும் அது வங்கியாம்! வாணியம்பாடியின் தோல் தொழிலாளியும், காயல்பட்டினத்து வணிகரும், மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாயும் ஒரே கவலையைச் சுமந்தா வாக்குச்சாவடிக்குச் செல்கின்றனர்?

வங்கி என்றே வைத்துக்கொள்வோம். வட்டி நமக்கு ஆகாது. போட்ட முதலாவது திரும்பியதா? நீதியரசர் ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006இல் அளித்த அறிக்கையைப் புரட்டுங்கள். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களுள் முஸ்லிம்கள் 13.4 விழுக்காடு. இந்திய ஆட்சிப் பணியில் அவர்கள் 3 விழுக்காடு. காவல் பணியில் 4. வெளியுறவுப் பணியில் 1.8. செல்லமாகச் சீராட்டப்பட்டதாகச் சொல்லப்படும் சமுதாயத்தின் கணக்கேடு இது!

ஆயினும் பிறரைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. பிறர் கல்லாக எறியும் இச்சொல்லை நம்மவர் சிலரே மாலையாக அணிந்துகொள்கின்றனர். "இத்தனை தொகுதிகளில் வெற்றியை முடிவு செய்வது எங்கள் வாக்கு வங்கியே" என்று மேடையில் முழங்குகின்றனர். வைப்புத் தொகை நம்முடையது. காசோலையில் கையொப்பமிடுவதோ அவர்கள்! சீனிவாஸ் கண்ட பெரியதனக்காரர் மறைந்துவிடவில்லை. நம் தெருவிலேயே நடமாடுகிறார்.

ஒன்றுபடுவதை நாம் மறுக்கவில்லை. கலந்து பேசி ஒரு முடிவுக்கு வருதல் நம் மரபு. ஆனால் கலந்து பேசுவது வேறு. நம்மைக் கேளாமலே நம் பெயரால் விலை பேசுவது வேறு. யாருக்கு வாக்களித்தாய் என்று எவரையும் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாதென 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் காப்பளித்துள்ளது. அந்தத் திரைமறைவில் நிற்கும்போது நாம் தனி மனிதர். நம் மனச்சான்றைத் தவிர வேறு துணை அங்கில்லை.

ஆகவே இச்சொல்லை முதலில் நம் இல்லங்களிலிருந்து வெளியேற்றுவோம். வாக்காளர் பட்டியலில் இவ்வாண்டு பெயர் சேர்ந்த மகளிடம், "நமக்கு யாருக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள், தெரியுமா?" என்று கேட்கும் வழக்கத்தை விடுவோம். "நீ யாரைத் தகுதியுடையவர் என்று எண்ணுகிறாய்? ஏன்?" என்று கேட்போம். அவள் சொல்லும் விடை நம் விடையோடு மாறுபடலாம். மாறுபடட்டும். வீட்டுக்குள் இரு கருத்து உலவும் சமுதாயத்தை எவரும் மொத்தமாக விலைபேச முடியாது. மேடையில் வாக்கு வங்கி என்று அடுத்த முறை எவரேனும் முழங்கினால், அவர் நம்மவரே ஆயினும், கைதட்டாதிருப்போம். செல்லாக்காசை ஒழிக்கும் வழி, அதனை வாங்க மறுப்பதே.