கால் கிலோ கறி, ஆறு தட்டு



"ஆட்டுக்கறி விற்கிற விலையில் அரைக்கிலோ வாங்கினால் ஆளுக்கு இரண்டு துண்டுகூடத் தேறவில்லையே, என்னதான் செய்வது?" என்ற கேள்வி இன்று பல வீடுகளில் கேட்கிறது. வாஸ்தவம்தான். பல ஊர்களில் கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதிலும் எலும்பு, கொழுப்பு, ஜவ்வு எல்லாம் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாததா?

இதற்கு நம் சமையலறை டப்பாவிலேயே ஒரு வழி இருக்கிறது. கறியைக் கொத்துக்கறியாக வாங்குங்கள். அதோடு கடலைப்பருப்பைச் சேர்த்துச் சமையுங்கள்.

"கறியில் பருப்பைப் போட்டால் பஞ்சத்துக்குச் செய்தது மாதிரி இருக்காதா?" என்று மாமியார் முகம் சுளிக்கலாம். இல்லவே இல்லை. லக்னோ பக்கம் பேர் போன ஷாமி கபாப், கைமாவும் கடலைப்பருப்பும் சேர்ந்து வெந்து அரைபடுவதுதான். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் நெய்ச்சோற்றுக்குச் செய்கிற தால்சாவில் கறியும் பருப்பும் கலந்தே இருக்கும். ரம்ஜான் மாதத்து நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் ஒரு பெரிய பானை, கைமா கொஞ்சம்தான். ஆனால் குடிக்கிற எல்லோருக்கும் கறி மணம் கிடைக்கிறது. செட்டிநாட்டுக் கோலா உருண்டையை உதிராமல் பிடித்து வைப்பது பொட்டுக்கடலை மாவு. இதெல்லாம் விருந்துச் சமையல்; வக்கில்லாத சமையல் அல்ல.

காசு மிச்சமாவது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் வேறு. துண்டுக்கறியை எண்ணலாம். எண்ண முடிந்தால் பங்கு போடலாம். பங்கு போடும்போது என்ன நடக்கிறது? நல்ல துண்டு வீட்டுக்காரருக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, மெத்தென்று இருப்பது பெரியவர்களுக்கு. சமைத்தவள் கடைசியாக உட்காரும்போது சட்டியில் மசாலாவும் ஒரு எலும்பும்தான்! "எனக்கு குழம்பே போதும்" என்று சொல்லிச் சொல்லி அதுவே பழக்கமாகிவிடுகிறது.

பருப்போடு கலந்த கொத்துக்கறியில் இந்த வித்தியாசம் இல்லை. எந்தக் கரண்டி எடுத்தாலும் அதில் கறியும் உண்டு, பருப்பும் உண்டு. முதல் தட்டுக்கு விழுந்ததுதான் கடைசித் தட்டுக்கும்.

இது வெறும் நியாயம் பேசுகிற விஷயம் இல்லை, ரத்தம் சம்பந்தப்பட்ட விஷயம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் தந்த கணக்குப்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பெண்ணுக்கு 29. அதிகம் வேண்டியவள்தான் கடைசியில் சாப்பிடுகிறாள்!

பருப்பிலும் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் தனியாகச் சாப்பிட்டால் உடம்பு அதில் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே சிறிதளவு கறி சேர்ந்தால் பருப்பிலுள்ள இரும்புச்சத்தும் நன்றாக உடம்பில் சேர்கிறது. எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடிப்பது இதற்கு நேர் எதிரி. ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

புரதக் கணக்கையும் பாருங்கள். கால் கிலோ கொத்துக்கறியில் சுமார் 45 கிராம் புரதம். ஆறு பேருக்கு ஆளுக்கு ஏழெட்டு கிராம்தான். அதோடு 100 கிராம் கடலைப்பருப்பு சேர்த்தால் இன்னும் 20 கிராம் கூடுகிறது. ஆளுக்குப் பதினொன்று ஆகிறது. நார்ச்சத்து கறியில் இல்லை, பருப்பில் உண்டு. பி12 வைட்டமின் பருப்பில் இல்லை, கறியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இனி செய்முறை. ஆறு பேருக்கு அளவு: கொத்துக்கறி கால் கிலோ, கடலைப்பருப்பு 100 கிராம், சின்ன வெங்காயம் 20, தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள்தூள், சோம்பு, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு, எலுமிச்சம்பழம் அரை மூடி.

பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மஞ்சள்தூள் போட்டுத் தனியாக வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் குழையக்கூடாது. அதுதான் பதம். பருப்பு வேகும் முன்பே தக்காளியோ புளியோ சேர்ந்துவிட்டால், அந்தப் புளிப்பில் எத்தனை நேரம் வைத்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் தனியாக வேகவைக்கச் சொல்கிறேன். போர் தண்ணீரிலும் பருப்பு சீக்கிரம் வேகாது. குடிக்கிற தண்ணீரையே விடுங்கள்.

வாணலியில் எண்ணெய் காயவைத்து பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்து, வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு விழுது என்று வரிசையாக வதக்குங்கள். கொத்துக்கறியைப் போட்டுக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். கறி விடுகிற தண்ணீர் வற்றி நிறம் மாறியதும் தூள்கள், தக்காளி, உப்பு, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி, சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் வையுங்கள். கறி மெத்தென்று வெந்த பிறகு பருப்பைக் கொட்டிப் பக்குவமாகப் பிரட்டி, இன்னும் ஐந்து நிமிஷம். இறக்கி வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, கொத்தமல்லி தூவுங்கள். சோறு, சப்பாத்தி, இட்லி எதற்கும் பொருந்தும்.

பருப்பு வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதனால் கறி எடையில் பாதிக்கு மேல் பருப்பு போடாதீர்கள். போட்டால் கறி மணம் போய்க் கூட்டு மாதிரி ஆகிவிடும், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்!

கோலா உருண்டைக்குக் கால் கிலோ கறிக்கு 50 கிராம் பொட்டுக்கடலை மாவு போதும். கறியை ஈரமில்லாமல் அரைத்து, மாவைக் கடைசியில் சேருங்கள். கைக்குழந்தைக்கு 6 மாதம் முடிந்து திட உணவு தொடங்கியிருந்தால், மிளகாய், மசாலா போடும் முன்பே இரண்டு ஸ்பூன் வெந்த கைமாவைத் தனியாக எடுத்து, குழைய வெந்த மைசூர்ப் பருப்போடும் சோற்றோடும் நன்றாக மசித்து ஊட்டலாம். மைசூர்ப் பருப்பு சீக்கிரம் கரைந்துவிடும், தொண்டையில் சிக்காது.

கறி வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. ஏற்கெனவே கொத்தி வைத்ததை வாங்காதீர்கள். தொடைக்கறியைக் காட்டி, கண் முன்னால் கொத்தித் தரச் சொல்லுங்கள். கொத்தின கறி துண்டுக்கறியைவிடச் சீக்கிரம் கெடும். மற்ற சாமான்களை வாங்கிவிட்டு கடைசியில் கறிக்கடைக்குப் போங்கள், அன்றே சமைத்துவிடுங்கள். உள்ளே சிவப்பு தெரியாமல் முழுக்க வேக வேண்டும்.

இன்னொன்று. ரத்தசோகை இருப்பவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள், டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்ப வேண்டாம். மாத்திரையும் வேண்டும், சாப்பாடும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். பரிமாறும்போது ஐந்து தட்டை வைத்துவிட்டு அடுப்படியில் நிற்காதீர்கள். ஆறாவது தட்டையும் அப்போதே எடுத்து வைத்து, அதிலும் நிறைவாக ஒரு கரண்டி போட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.