மேடையில் டைரக்டர்! கீழே ஒரு கேள்வி!

சினிமாவில் நாம் பார்க்காத ஒருவர் உண்டு. அவர்தான் டைரக்டர்.

கதாநாயகனைத் திரையில் பார்க்கிறோம். பாடகரின் குரலைக் கேட்கிறோம். டைரக்டரின் முகம் மட்டும் தெரிவதில்லை. ஆனால் கதாநாயகன் எங்கே நிற்க வேண்டும், எப்போது அழ வேண்டும், காட்சி எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று முடிவு செய்பவர் அவரே.

அப்படிப்பட்டவர் மேடை ஏறிப் பேசுகிறார் என்றால், போகாமல் இருக்க முடியுமா?

நானும் போனேன். அம்மாவையும், பள்ளியில் படிக்கும் அக்கா மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். பேச வந்தவர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல. கேட்கப் போன நம்மைப் பற்றி!

தூக்கிய கை

ஆறரை மணிக்குக் கூட்டம். ஐந்தரைக்கே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. சுவர் ஓரமாகவும் ஜனங்கள் நின்றார்கள்.

டைரக்டர் நன்றாகவே பேசினார். தாம் பட்ட கஷ்டங்களைச் சொன்னார். கூட்டம் சிரித்தது, கை தட்டியது. பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த செல்போனில் அவரைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

பிறகு கேள்வி நேரம். மொத்தம் பதினைந்து நிமிடம்.

முதலில் எழுந்தவர் கேள்வி கேட்கவில்லை. ஐந்து நிமிடம் புகழ்ந்தார். அடுத்தவர், "அடுத்த படத்தில் யார் ஹீரோ?" என்றார். மூன்றாமவர், "உங்களோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?" என்றார்.

அக்கா மகள் முதலில் இருந்தே கையைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் இருந்த பெரியவர், "பெரியவங்க கேட்கட்டும் பாப்பா" என்று சொல்லிவிட்டார். கை இறங்கிவிட்டது. நேரமும் முடிந்துவிட்டது. பிறகு பொன்னாடைகள். அதற்கு மட்டும் அரை மணி நேரம்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னைக் கேட்டாள்: "மாமா, அந்தப் படத்தில் அம்மா வீட்டை விட்டுப் போகிறாளே, அதற்கு அப்புறம் கதவை ஏன் யாருமே சாத்தவில்லை?"

நான் திகைத்துப் போனேன். அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்தவன். அந்தக் கதவை நான் கவனிக்கவே இல்லை.

"அவள் திரும்பி வருவாள் என்றுதான்" என்றார் அம்மா. "இல்லை பாட்டி, அந்த வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லை" என்றாள் அவள். வீடு வந்து சேரும் வரை இதே பேச்சு.

அன்று இரவு அரங்கில் எழுந்திருக்க வேண்டிய ஒரே நல்ல கேள்வி, பஸ்ஸில் போய்விட்டது. அதுதான் என் வருத்தம்.

காரைக்குடியில் ஒரு மாணவர்

ஒரு சிறு பெண்ணின் கேள்வி இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். 1958-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

அந்த ஆண்டுதான் எம்.ஜி.ஆர். "நாடோடி மன்னன்" படத்தைத் தாமே தயாரித்து, தாமே டைரக்ட் செய்து வெளியிட்டார். பெரும் வெற்றி. அதன் பிறகு காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவுக்கு அவர் வந்தார்.

மாணவர்கள் சிலருக்கும் பேச வாய்ப்பு தரப்பட்டது. அவர்களில் ஒருவர் அலெக்சாண்டர். மற்றவராக இருந்தால் வந்தவரைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்து இருப்பார். இவரோ தமிழ்ப் படங்களில் உள்ள குறைகளை எடுத்துச் சொன்னார். எம்.ஜி.ஆரை எதிரே வைத்துக்கொண்டே சொன்னார்!

எம்.ஜி.ஆர். கோபித்துக்கொள்ளவில்லை. கவனித்துக் கேட்டார். நல்ல விமர்சகராக வருவதற்கு உரிய தகுதி இவரிடம் இருக்கிறது என்று பாராட்டினார்.

அந்த மாணவர் பிறகு சட்டம் படிக்கச் சென்னைக்கு வந்தார். பணம் இல்லாமல் படிப்பு நின்றது. "இன முழக்கம்" பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதினார். ஒரு நாள் பத்திரிகையாளர் கூட்டத்தில் எம்.ஜி.ஆர். அவரைப் பார்த்தார். காரைக்குடி மாணவரை மறக்கவில்லை! அழைத்தார். கல்கியின் "பொன்னியின் செல்வன்" நாவலுக்குத் திரைக்கதை எழுதும் வேலையைக் கொடுத்தார். அந்தப் படம் அப்போது எடுக்கப்படவில்லை. ஆனால் எழுதியவருக்குப் பாதை திறந்தது.

யார் அவர்?

அவர்தான் டைரக்டர் மகேந்திரன்!

1974-ல் வந்த "தங்கப்பதக்கம்" அவர் எழுதியது. 1978-ல் "முள்ளும் மலரும்" படத்தை டைரக்ட் செய்தார். 1979-ல் "உதிரிப்பூக்கள்". 1980-ல் வந்த "நெஞ்சத்தைக் கிள்ளாதே" படத்துக்கு மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. வசனத்தைக் குறைத்து, முகத்தைப் பேச வைத்தவர் என்று தமிழ்நாடே அவரைப் பாராட்டியது. 2019-ல் அவர் காலமானார்.

மாணவராக இருந்தபோது சொன்ன குறைகளை, டைரக்டர் ஆனபோது தம் படங்களில் நீக்கிக் காட்டினார். குறை சொல்பவன் எதிரி அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதில் இரண்டு பேருக்குப் பெருமை உண்டு. துணிந்து சொன்ன மாணவருக்குப் பாதி. பொறுமையாகக் கேட்ட எம்.ஜி.ஆருக்குப் பாதி.

பக்கத்து மாநிலத்தில்

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 1996 முதல் அங்கே சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வருகிறது. அந்த விழாவில் "ஓப்பன் ஃபோரம்" என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. படம் எடுத்தவர்களும் பார்த்தவர்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள். சில சமயம் வாக்குவாதம் சூடாகும். ஆகட்டுமே! சினிமாவைச் சொந்தமாக நினைப்பவர்கள்தானே சண்டை போடுவார்கள்?

நமக்குச் சினிமா மீது ஆசை குறைவா? இல்லவே இல்லை. கட் அவுட்டுக்கு மாலை போடுகிறோம். முதல் காட்சிக்கு ஓடுகிறோம். கேள்வி கேட்பதற்கு மட்டும் கூச்சப்படுகிறோம்.

போகும்போது

அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த டைரக்டர் பேச வந்தால், குடும்பத்தோடு போங்கள். போவதற்கு முன் அவருடைய படம் ஒன்றை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். ஆளுக்கு ஒரு கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கேள்வி என்று வெட்கப்பட வேண்டாம். பெரிதாகப் படிக்கவில்லையே என்று தயங்கவும் வேண்டாம். படம் பார்க்கக் கண் போதும். கேள்வி கேட்க மனம் போதும்.

விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொன்னாடைகளைக் குறையுங்கள். கேள்விக்கு அரை மணி நேரம் கொடுங்கள். முதல் கேள்வி ஒரு குழந்தையின் கேள்வியாக இருக்கட்டும்.

பெரியவர்களே, பக்கத்தில் ஒரு சின்னக் கை உயர்ந்தால் அதை இறக்கிவிடாதீர்கள். 1958-ல் காரைக்குடியில் அந்த மாணவரை யாராவது உட்கார வைத்து இருந்தால், நமக்கு "உதிரிப்பூக்கள்" கிடைத்து இருக்குமா? யோசித்துப் பாருங்கள்!