குளிர்காலத்தில் மரத்தளம்



டெல்லியிலும் குர்கானிலும் நம்மவர் குடியிருக்கும் வாடகை வீடுகள் சிலவற்றில் தேக்கு, ஓக் போன்ற வன்மரப் பலகைகளால் தளம் இட்டிருக்கிறார்கள். டிசம்பர் வந்ததும் பலகைகளுக்கிடையே மெல்லிய பிளவுகள் தோன்றும். மரம் கெட்டுவிட்டதென்று கலங்கி, மரத்தூளும் பசையும் கலந்து அவற்றை அடைத்துவிடாதிருங்கள்.

மரம் காற்றின் ஈரத்தை ஏற்று விரியும். ஈரம் குறையும்போது அகலவாட்டில் சுருங்கும். வெளியே மூடுபனி சூழ்ந்திருந்தாலும், ஹீட்டர் எரியும் அறையில் காற்று உலர்ந்துபோகிறது. பிளவு உண்டாவது அதனாலேயே. ஜூலையில் மழை தொடங்கியதும் பலகைகள் விரிந்து, பிளவு தானே மூடும். இப்பொழுதே அடைத்துவிட்டால், அன்று விரிய இடமின்றி அவை ஒன்றையொன்று நெருக்கி மேலெழும்பும். அந்தச் சேதத்திற்கு உங்கள் முன்பணமே ஈடாகும்.

ஹீட்டரைத் தரையை நோக்கித் திருப்பாதிருங்கள். இரவு முழுவதும் எரியவிடாதிருங்கள். அறையின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவிகிதம் வரை இருப்பது மரத்திற்கு நலம். ஹீட்டருக்குச் சற்று விலகி, முக்காலியின்மேல் அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்தால் வறட்சி சிறிது தணியும்.

ஊரில் செய்வதுபோல வாளி நீர் ஊற்றிக் கழுவவேண்டாம். காலணியோடு வரும் மணல் பலகையைக் கீறும்; அதை மென்மையான துடைப்பத்தால் அகற்றி, இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

பிளவைக் கண்ட நாளிலேயே வீட்டுக்காரருக்குத் தெரிவியுங்கள். மழைக்காலத்திலும் மூடாத பிளவை மாத்திரம் தச்சரிடம் காட்டுங்கள்.