காப்பு அவிழ்க்கும் நாள்

கடந்த ஒரு வருடத்தில் எனக்கு வாய்த்த ஓய்வு நேரத்தின் பெரும்பகுதி ஆர்.பி.ஜி. எனப்படும் ரோல்-ப்ளேயிங் கேம்களுக்குப் போயிருக்கிறது. ஒரு வேடத்தை ஏற்று, நீண்ட கதைக்குள் நடந்து, பேசி, சண்டையிட்டு, முடிவெடுத்து ஆடுகிற வீடியோ கேம் வகை அது. ஒன்றை முடிக்க நாற்பது மணி நேரமும் ஆகும், நூறு மணி நேரமும் ஆகும். கதை, கவிதை, மொழிபெயர்ப்பு என்று வந்துகொண்டிருக்கும் சிற்றிதழின் தலையங்கத்தில் இதற்கு என்ன இடம் என்று ஆசிரியர் குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் இளம் வாசகர்களில் பலர் ஒரு கதையோடு நீண்ட நேரம் இருப்பது இன்று இந்த விளையாட்டுகளில்தான். அந்த நேரத்தை அவர்களே குற்ற உணர்வோடு மறைத்துப் பேசுகிறார்கள். அந்தக் குற்ற உணர்வு தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எச்சரிக்கை எங்கே தேவை என்பதையும் சேர்த்துத்தான்.

இந்த இதழ் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவிலிருந்து வருகிறது. ஹெப்பகோடி, சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஓசூர் என்று ஒரே சாலையில் கோர்த்த ஊர்களில் வேலை பார்க்கிறவர்கள் நம் வாசகர்கள். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் வந்து மருந்து ஆலையிலோ உதிரிபாக ஆலையிலோ ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். இவர்களுடைய நேரத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாள் வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 12 மணி வரை கொண்டுபோக வழி பிறந்தது; மூன்று மாதத்துக்கு 75 மணி என்றிருந்த ஓ.டி. வரம்பு 145 மணி ஆனது. அதே வருடம் ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் 12 மணி நேர மசோதா நிறைவேறியது; தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு வலுத்ததும் அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் மே தினத்தன்று அறிவித்தார். அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். உழைக்கும் மணிக்கணக்கை இத்தனை பேர் பேசினார்கள். உழைத்து முடித்து மிஞ்சுகிற நேரம் யாருடையது என்பதை ஒருவரும் பேசவில்லை. அதில் என்ன செய்தாலும் வெட்டிப் பொழுது என்று பேர் வந்துவிடுகிறது.

2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது. 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். தொடக்கத்தில் மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று என்று ஓடியபோதுகூட சில்க் போர்டு சிக்னலில் தினமும் கரைந்துகொண்டிருந்த நேரம் பலருக்குத் திரும்பக் கிடைத்தது. திரும்பக் கிடைத்த நேரத்தில் இன்னொரு கோர்ஸ் படி, இன்னொரு சான்றிதழ் வாங்கு என்றுதான் எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். படிக்கிறவர்கள் படிக்கட்டும். கதைக்குள் போகிறவரை அதற்காகக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற ஒரு பி.ஜி. அறைக்கு வாருங்கள். மூன்று கட்டில். ஒருவருக்கு முதல் ஷிஃப்ட், ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், ஒருவருக்கு ஜெனரல். எந்த நேரத்தில் போனாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். டியூப் லைட் போட முடியாது, போனில் வாய்விட்டுப் பேச முடியாது. பகலிலும் இருட்டாக இருக்க ஜன்னலில் போர்வையைக் கட்டியிருப்பார்கள். அங்கே ஒருவர் சுவரோரம் சாய்ந்து, ஹெட்போன் மாட்டி, லேப்டாப் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து ஆடிக்கொண்டிருக்கிறார். லேப்டாப் இல்லாதவர் போனில் எமுலேட்டர் போட்டு இருபது வருடப் பழைய போக்கிமான் ஆடுகிறார். அந்த அறையில் அவருக்கென்று இருப்பது ஒரு கட்டிலும் பூட்டுப் போட்ட ஒரு அலமாரியும். திரைக்குள் அவர் நடந்து தீர்க்க ஒரு நாடே இருக்கிறது.

போக்கிமானைச் சொன்னதால் ஒரு விஷயம். 2002-ல் வந்த போக்கிமான் ரூபி, சஃபையர் இரண்டின் கேசட்டுக்குள்ளும் ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதை வைத்துத்தான் ஆட்டத்துக்குள் கடிகாரம் ஓடும். வருடங்கள் கழித்து அந்த பேட்டரி தீர்ந்துபோனாலும் ஆட்டத்தைத் தொடரலாம். ஆனால் நேரத்தை நம்பியிருக்கிற எதுவும் நடக்காது. நட்ட பெர்ரிச் செடி வளராது. குகைக்குள் கடல் ஏறாது, இறங்காது. மாதக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களிடம் இதைச் சொன்னபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இந்த வருடம் நான் ஆடியவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். இரண்டுமே ஒரு வருடத்தைப் பற்றியவை.

முதலாவது ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட பெர்சோனா 5. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்ற பள்ளி மாணவன் ஒருவன் ஊரை விட்டு டோக்கியோவுக்கு அனுப்பப்படுகிறான். ஒரு காபிக் கடையின் மாடியறையில் ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஆட்டம் நாள்காட்டியைத் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டே போகிறது. பள்ளி விட்டதும் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை, அவ்வளவுதான் அனுமதி. நூலகத்தில் படிக்கலாம், பூக்கடையில் பகுதி நேர வேலைக்குப் போகலாம், இல்லை, மனம் நொந்திருக்கும் ஒரு நண்பனோடு உட்காரலாம். ஒன்றை எடுத்தால் மற்றது போயிற்று. அலைந்து திரிந்து திரும்பிய இரவுகளில் கூட இருக்கும் பூனை, இன்றைக்குப் போதும், படுத்துக்கொள் என்கிறது. நம்மூர்ப் பையன்கள் இந்த ஆட்டத்தில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் அதன் பூதங்களும் அரண்மனைகளும் என்று முதலில் நினைத்தேன். பேசிப் பார்த்தால், அவர்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சாயங்காலம்தான். தினமும் ஒரு சாயங்காலம் அவனுக்கு வருகிறது, அதை என்ன செய்வது என்று அவனே முடிவு செய்கிறான். ஓ.டி. போட்டிருக்கிறார்களா என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஒருவருக்கு அது பெரிய சுதந்திரம்.

இரண்டாவது, 2025 ஏப்ரலில் வந்த கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. பிரான்சில் மோன்பெல்லியே நகரத்தில் ஒரு சிறு குழு செய்தது. கடலுக்கு அப்பால் நிற்கும் பெரிய கல்லில் ஓவியக்காரி ஒருத்தி வருடத்துக்கு ஒருமுறை எழுந்து ஒரு எண்ணை எழுதுகிறாள். அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் அன்றே கரைந்து மறைகிறார்கள். மறுவருடம் எண் ஒன்று குறையும். ஆட்டத்தின் தொடக்கத்தில், போகப்போகிறவர்கள் கழுத்தில் பூமாலையோடு துறைமுகத்துக்கு நடந்து வருகிறார்கள். அழுகிறவர்களும் உண்டு, பொருட்களை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. எண் மாறுகிறது, ஆட்கள் இதழ்களாக உதிர்ந்து காற்றில் போகிறார்கள். மாலை எதற்கெல்லாம் போடுவோம் என்று அறிந்த நமக்கு அந்தக் காட்சி சும்மா கடந்துபோகிற காட்சி இல்லை. ஒரு வருடம் மட்டுமே மிச்சமுள்ளவர்கள் அந்த ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு, தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகக் கிளம்பிப் போவதுதான் கதை. அண்மையில் வந்த எந்த நாவலும் காலத்தைப் பற்றி என்னை இவ்வளவு யோசிக்க வைக்கவில்லை.

இப்படி நாற்பது, ஐம்பது மணி நேரத்தைக் கதைக்குக் கொடுப்பது கணினி வந்த பிறகு தொற்றிய பழக்கமாக நினைக்கிறார்கள். நம் வாசகர்களின் சொந்த ஊர்களிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதம் வைத்தால் பல ஊர்களில் அது பதினெட்டு நாள் நடக்கும். மதியம் பிரசங்கியார் பாரதம் சொல்வார், இரவு தெருக்கூத்து, விடிந்தால்தான் முடியும். மணிக்கணக்கு போட்டால் எந்த ஆர்.பி.ஜி.யும் அதன் பக்கத்தில் நிற்காது. அங்கே பார்வையாளர் என்று தனியாக ஒருவர் கிடையாது. அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் உயரமான மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலே போய் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டி ஈரச்சேலையோடு காத்திருக்கும் பெண்கள் மடியேந்துவார்கள். கடைசி நாள் படுகளத்தில் களிமண்ணால் செய்த துரியோதனன் ஊர்வெளியில் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையைப் பிளப்பான். திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் ஊரே தீ மிதிக்கும். நம் ஆனேக்கல் வட்டத்திலேயே தர்மராயர் கோயில் கரகம் உண்டு; பெங்களூர் பேட்டையில் சைத்ர பௌர்ணமி இரவு கரகம் சுமக்கிற ஆண், பெண் வேடமேற்றுத் திரௌபதியாகவே நடக்கிறார். வேடமேற்று ஒரு கதைக்குள் வாழ்வதற்கு இந்த மண்ணில் யாரும் வெளியிலிருந்து பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே இன்னொன்றும் உண்டு. தொடக்க நாளில் காப்பு கட்டுவார்கள். காப்பு கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது, விரதம் உண்டு, பேச்சிலும் கட்டுப்பாடு உண்டு. கதை முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்த்தவர் மறுநாள் ஏர் பிடிக்கப் போவார். கதைக்கு அத்தனை நேரத்தைக் கேட்டவர்கள், அதை முடித்து ஆளைத் திருப்பி அனுப்பும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்கள்.

என் எச்சரிக்கை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. காப்பு அவிழ்க்கும் நாளே இல்லாத ஆர்.பி.ஜி.கள் இப்போது போனில் நிறைந்திருக்கின்றன. 2020 செப்டம்பரில் வந்த கென்ஷின் இம்பாக்டை எடுத்துக்கொள்வோம். அழகான உலகம், இசைக்கும் மலைகளுக்கும் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதில் பரிசுகளைப் பெற ரெசின் என்ற ஒன்று செலவாகும். அது 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும். 200-க்கு மேல் ஊறாது. கணக்குப் போட்டால் 26 மணி 40 நிமிடத்தில் நிரம்பிவிடும். ஒரு நாள் வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை, இரண்டாம் நாளும் வராவிட்டால் ஊறியிருக்க வேண்டியது வீண். தினமும் நான்கு சிறு பணிகள்; சீசனுக்கு ஒரு பாஸ்; குறிப்பிட்ட தேதிக்குள் மட்டுமே கிடைக்கும் கதாபாத்திரங்கள். ஆலை வாசலில் பஞ்ச் பண்ணிவிட்டு வந்தவர் அறையில் இன்னொரு பஞ்ச் பண்ண உட்காருகிறார். கதை நகர்கிறதோ இல்லையோ, வருகைப் பதிவு நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதைப் பல மணி நேரம் ஆடிய நண்பர்களிடம் கடைசியாக என்ன நடந்தது என்று கேட்டால் அவர்களுக்குக் கதை நினைவில்லை. பெர்சோனா ஆடியவர்கள் பூக்கடையைக்கூட நினைவு வைத்திருக்கிறார்கள்.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. தினமும் வரச்சொல்கிற ஆட்டங்கள் அந்தச் சட்டத்தின் அக்கறை அல்ல. அவற்றையும் தடுக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆடுகிறவர் வேறுபாட்டை அறிந்திருந்தால் போதும்.

விளையாட்டு நோயாகவும் ஆகும் என்பதை மறுக்க முடியாது. நாம் தினமும் போய்வரும் இதே ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் ஷட் என்ற சிகிச்சைப் பிரிவை நடத்திவருகிறது. போன், இணையம், கேம் இவற்றில் சிக்கியவர்கள் அங்கே வருகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இடம்பெற்றது. அதன் வரையறையில் இத்தனை மணி நேரம் என்ற கணக்கு கிடையாது. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்டம் வந்து நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இந்த நிலை பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். மருத்துவர்களும் ஒரு வருடத்தைத்தான் பார்க்கிறார்கள், இணைய கேம் கடையான ஸ்டீம் காட்டும் மணிக்கணக்கை அல்ல. அந்த நிலையில் இருக்கிறவர்கள் தயங்காமல் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

தமிழில் இப்படி ஒன்று வருமா என்று கேட்பவர்களுக்கு வெண்பா என்ற வீடியோ கேமைச் சொல்வேன். டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற நிறுவனம் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. ஆர்.பி.ஜி. வகை இல்லை, சமையலோடு சேர்ந்த கதை. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தாய், மொழியை விட்டு விலகிப்போகும் மகன், அழிந்த எழுத்துகளோடு இருக்கும் பாட்டியின் சமையல் குறிப்பேடு. ஒன்றரை மணி நேரத்தில் முப்பது வருடம் ஓடிவிடுகிறது. மறுவருடம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்பது அங்கே ஆட்டம்; தவறாக அடுக்கினால் ஆவி ஏறாது. முடிந்தபின் அம்மாவுக்குப் போன் போட்டதாகப் பலர் சொன்னார்கள். ஒரு சிறிய குழுவால் அதைச் செய்ய முடிந்ததென்றால், பாரதக் கூத்தின் பதினெட்டு இரவையும் தெரிந்த ஊர்களிலிருந்து வந்து கணினித் துறையில் வேலை செய்யும் நம் இளைஞர்களால் ஒரு நீண்ட கதை ஆட்டத்தைத் தமிழில் செய்ய முடியும். இதை நான் நம்புகிறேன்.

அதற்கு முன்னால் விமர்சனம் வேண்டும். நாவலுக்கும் சினிமாவுக்கும் தமிழில் இருக்கிற அளவுக்கு இந்த வடிவத்துக்கு எழுத்து இல்லை. நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் நீங்கள் முடித்த ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி எழுதி அனுப்புங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம்; நீங்கள் எந்த வேளையில் ஆடினீர்கள், அதில் எந்த முடிவை எடுக்கத் தயங்கினீர்கள், முடித்தபின் உங்களிடம் என்ன மிஞ்சியது என்று எழுதுங்கள். எழுதிப் பழக்கமில்லை என்று ஒதுங்க வேண்டாம், பிழை திருத்துவது எங்கள் வேலை. அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.